நாடக வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம்: முதல் பெட்டியிலிருந்து திறப்பு நாள் வரை முழுமையான வழிகாட்டி

1598 மார்ச்சில் லண்டனின் ரோஸ் அரங்கில் ஆடிவந்த லார்டு அட்மிரல் குழுவின் சாமான்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். ஒரு பாறை. ஒரு கூண்டு. ஒரு கல்லறை. ஒரு நரக வாய். ரோம் நகரம். சூரிய சந்திரத் துணி. உடைகளின் பட்டியலில் இன்னொரு வரி: கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு ஓர் அங்கி.

இவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. அரங்க முதலாளி பிலிப் ஹென்ஸ்லோவின் காகிதங்களோடு கிடந்த அந்த மூலப் பட்டியலும் பிறகு தொலைந்துவிட்டது. எட்மண்ட் மலோன் என்ற ஆய்வாளர் 1790-இல் அதை அச்சில் ஏற்றியதால்தான் நமக்குத் தெரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரி போதும். அங்கியைப் போட்டுக்கொண்டு நடிகர் மேடையில் நின்றால் அவரை யாருக்கும் தெரியாது என்று பார்வையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு மேடை வழக்கம் நமக்குப் புரிந்துவிடுகிறது. மாறாக, பட்டியல் போய் அங்கி மட்டும் கிடைத்திருந்தால் அதைப் பழைய துணி என்றுதான் எழுதி வைத்திருப்போம்.

நாடகம் அன்றன்றைக்கே முடிந்துபோகும் கலை. மிஞ்சுவது உடை, தாள், படம், முகமூடி, யாருடைய நினைவிலாவது ஒட்டியிருக்கும் சில வரிகள். இந்த மிச்சங்களை அவை வாழ்ந்த நாடகத்தோடு, அந்தக் காட்சியோடு, அந்த நடிகரோடு கட்டி வைப்பதுதான் நாடக அருங்காட்சியகத்தின் வேலை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தக் கட்டு அவிழாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான். ஒரு நாடகக் குழுவோ, கல்லூரித் துறையோ, ஊர் நூலகமோ, தனி ஆளோ, யார் தொடங்கினாலும் வரிசை இதுதான்.

படி 1: எந்த நாடகம், எவ்வளவு தூரம்?

உலகின் பெரிய நாடக அருங்காட்சியகங்களில் பல ஒரே மனிதரின் ஆசையில் தொடங்கியவை. மாஸ்கோவில் அலெக்ஸேய் பக்ருஷின் என்ற வணிகர் தான் சேர்த்தவற்றை 1894-இல் பார்வைக்கு வைத்தார். 1913-இல் அவற்றை அறிவியல் கழகத்துக்கே கொடுத்தார். மியூனிக்கில் நடிகை கிளாரா சீக்லர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து 1910-இல் ஒரு நாடக அருங்காட்சியகம் பிறந்தது. மிலானில் லா ஸ்காலா அரங்கின் அருங்காட்சியகம் 1913-இல் திறந்தது. அதற்கு அடித்தளம் சாம்போன் என்ற பழம்பொருள் வணிகரின் தொகுப்பு. ஏலத்துக்கு வந்ததை மொத்தமாக வாங்கினார்கள். லண்டனில் கேப்ரியல் எந்தோவன் சேர்த்திருந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாடக விளம்பரத் தாள்கள் 1924-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போயின.

இவர்களால் எல்லாவற்றையும் சேர்க்க முடிந்தது. உங்களால் முடியாது, முடியவும் வேண்டாம். ஒரே தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்த நாடக மரபு அல்லது எந்தப் பகுதி, எந்தக் காலம், எந்த வகைப் பொருட்கள். அதற்குக் கீழே, எவற்றை வாங்க மாட்டீர்கள் என்றும் எழுதுங்கள். இந்த நான்காவது வரிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும். அன்போடு ஒருவர் இருபது மரப்பெட்டி கொண்டுவந்து வாசலில் இறக்கும்போது, எங்கள் எல்லைக்குள் வரவில்லை என்று மரியாதையாகச் சொல்ல அந்தத் தாள் இருக்கும்.

அதே தாளில் இன்னொன்றும் இடம்பெற வேண்டும்: அருங்காட்சியகம் மூடப்பட்டால் பொருட்கள் யாருக்குப் போகும்? தொடங்கும்போதே இதைப் பேசுவது அபசகுனம் போலத் தெரியலாம். லண்டன் கோவென்ட் கார்டனில் 1987-இல் திறந்த நாடக அருங்காட்சியகம் 2007 ஜனவரியில் மூடிவிட்டது. தொகுப்பு விக்டோரியா ஆல்பர்ட்டின் சொத்தாக இருந்ததால் ஒன்றும் சிதறவில்லை. 2009-இல் விக்டோரியா ஆல்பர்ட்டிலேயே புதிய காட்சிக்கூடம் திறந்தது. அப்படி ஒரு தாய் நிறுவனம் இல்லாத தொகுப்பு ஏலத்துக்கும் எடைக்கும்தான் போகும். ஒரு பல்கலைக்கழகத்தோடோ பொது நூலகத்தோடோ எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

பழைய மேடையே உங்கள் கைக்குக் கிடைத்திருக்கிறதா? அப்படியானால் அதிலிருந்து எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள். சுவீடனின் டிராட்னிங்ஹோம் அரண்மனை அரங்கம் 1766-இல் கட்டியது. 1792-இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் கொல்லப்பட்ட பிறகு அது கவனிப்பாரற்றுப் போனது. 1921-இல் ஆக்னே பேயர் என்ற ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்தால் சீன்களும் (மேடைக் காட்சி அமைப்புகள்) அவற்றை இழுக்கும் மர இயந்திரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த இயந்திரங்களை இன்றும் இயக்குகிறார்கள். யாரும் தொடாமல் விட்டதால் கிடைத்த செல்வம் அது.

படி 2: எதைத் தேடிப் போவது?

எல்லோரும் முதலில் கேட்பது உடையும் கிரீடமும்தான். முதலில் தாளைத் தேடுங்கள் என்பேன்.

அதிலும் முதலிடம் மேடைப் பிரதிக்கு. அச்சிட்ட நாடக நூலைச் சொல்லவில்லை. ஒத்திகையில் கையில் வைத்திருந்து, ஓரமெல்லாம் கிறுக்கி, வெட்டிய வசனத்தின் மேல் கோடு இழுத்து, யார் எந்தப் பக்கத்திலிருந்து வருவது, எந்தச் சொல்லில் விளக்கு அணைவது, எங்கே பாட்டு நுழைவது என்று குறித்து வைத்த பிரதி. எண்ணெய்க் கறையோடும் கிழிந்த முனையோடும் இருக்கும். அந்தக் குறிப்புகளைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அன்றைய நாடகம் கிட்டத்தட்ட முழுசாக அந்த ஓரங்களில்தான் இருக்கிறது.

அடுத்து, கணக்குப் புத்தகம். யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்த இரவு எவ்வளவு வசூல், விக்குக்கும் மெழுகுவத்திக்கும் என்ன செலவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நாடகக் குழுவின் உண்மையான வாழ்க்கையை இதைவிட நேராகச் சொல்லும் ஆவணம் இல்லை. பிறகு நோட்டீஸ்கள், சுவரொட்டிகள், டிக்கெட் அடிக்கட்டைகள், பயணக் கடிதங்கள், ஒப்பந்தங்கள், சீன் வரைபடங்கள், மேடை மாதிரிகள், விளக்கு அமைப்புக் குறிப்புகள், ஒத்திகைப் புகைப்படங்கள், ஒலிநாடாக்கள். மேடை மாதிரிகளைப் பெரும்பாலும் 25-க்கு 1 என்ற அளவில் செய்வார்கள். ஓரமாகத் தூக்கிப் போட்ட அட்டைப் பெட்டி போல இருக்கும் என்பதால் குப்பைக்கு முதலில் போவதும் அதுதான். சீக்கிரம் கேட்டு வாங்குங்கள்.

பார்வையாளர்கள் எழுதி வைத்ததையும் விடாதீர்கள். 1596 வாக்கில் லண்டனுக்கு வந்த யோஹன்னஸ் டி விட் என்ற டச்சுக்காரர் ஸ்வான் அரங்கின் உட்புறத்தை ஒரு தாளில் வரைந்தார். அவர் வரைந்தது போய்விட்டது. நண்பர் ஒருவர் அதைப் பார்த்து எடுத்த நகல் உட்ரெக்ட் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. எலிசபெத் காலப் பொது அரங்கு ஒன்றின் உள்ளே எப்படி இருந்தது என்று அக்காலத்தவர் வரைந்து இன்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு படம்தான். ஊர் சுற்ற வந்த ஒருவரின் ஆர்வம் அது! ஒரு ரசிகரின் நாட்குறிப்பில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

படி 3: வாங்கும் நாள்

இந்த நாளை அவசரத்தில் கடத்திவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாது. கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு பொருளையும் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். இதை யார் அணிந்தார்? எந்த நாடகம், எந்தக் காட்சி? யார் தைத்தார்? முதலில் வேறு யாருக்காவது தைத்ததா? மேடையில் என்ன தொல்லை கொடுத்தது? கடைசிக் கேள்விதான் அதிகம் பேச வைக்கும். கிரீடம் நழுவியது, கால் தடுக்கியது, உடை மாற்ற அரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்று வரிசையாகக் கதை வரும். அந்தக் கதைகளில்தான் நாடகம் இருக்கிறது.

பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஒலிக்கு வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் காலத்துக்கும் உதவும். அனுமதியைப் பதிவின் தொடக்கத்திலேயே வாய்மொழியாகவும், முடிந்ததும் எழுத்திலும் வாங்கிவிடுங்கள். முதிய கலைஞர் என்றால் கேள்வித்தாளோடு போகாமல் ஒரு பழைய புகைப்படத்தோடு போங்கள். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கேளுங்கள். நடுவில் நிற்கும் நாயகர் பெயரைக் கடைசியில் கேட்டால் போதும், அது எங்கேயாவது கிடைத்துவிடும். ஓரத்தில் மத்தளத்தோடு நிற்பவர், பின்னால் விளக்கைப் பிடித்திருப்பவர், தையல்காரர் ஆகியோரின் பெயர்கள் இவரோடு போய்விடும்.

அப்புறம் காகித வேலை. நன்கொடையா, விலைக்கா, கடனா என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பொருள் உங்களுடையது ஆனாலும் அதன் உரிமை எல்லாம் உங்களுடையது ஆகிவிடாது. ஒரு நாடகப் பதிவில் எழுத்தாளர், இசையமைப்பாளர், நடிகர்கள், பதிவு செய்தவர் என்று பலரின் உரிமை அடுக்கடுக்காக இருக்கும். எழுத்தாளரின் பதிப்புரிமை பல நாடுகளில் அவர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள்வரை நீடிக்கிறது. காட்சிக்கு வைக்க, அச்சிட, இணையத்தில் ஏற்ற என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள்.

வழிபாட்டோடு சேர்ந்த முகமூடியோ பொம்மையோ வந்தால் இன்னும் நிதானம் தேவை. சில மரபுகளில் அவை பூசைக்குரியவை, சிலவற்றை எல்லோரும் பார்க்கக் கூடாது. நோ என்ற மரபு நாடகத்தின் நூற்றாண்டுகள் பழைய முகமூடிகள் ஜப்பானில் இன்றும் மேடை ஏறுகின்றன. அந்தச் சமூகத்தார் விழாவுக்கு எடுத்துப்போய்த் திரும்பக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். கண்ணாடிப் பெட்டியில் நிரந்தரமாக அடைத்து வைப்பதைவிட அது நல்ல ஏற்பாடு.

படி 4: உள்ளே விடுவதற்கு முன்

வந்த பெட்டியை நேரே சேமிப்பு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். தனி அறையில் வையுங்கள். துணி அந்துப்பூச்சியும் கம்பள வண்டும் கம்பளி, பட்டு, இறகு, முடி ஆகியவற்றைத் தின்னும். நாடக உடையில் இந்த நான்கும் இருக்கும். தையல் மடிப்பிலும் காலர் அடியிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் துணியைப் பாலிதீன் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் உறைய வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் துணியில் ஈரம் கோத்துக்கொள்ளும். வண்ணம் பூசிய மரம், தந்தம், பல பொருட்களை ஒட்டிச் செய்த முகமூடி இவற்றை உறைய வைக்கும் முன் பாதுகாப்பு நிபுணரைக் கேளுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம். அது மனிதருக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்குகளையும் இளக்கிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய ஒப்பனைப் பெட்டியின் வெள்ளைப் பூச்சில் ஈயம் இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைத் துணியிலும் செயற்கை இலைகளிலும் ஆர்செனிக் இருக்கலாம். அந்தக் காலத்து மயிர்த் தொப்பிகளில் பாதரசம் சேர்த்திருப்பார்கள். நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இவற்றைத் தொடாதீர்கள். பெட்டியின் மேலே எச்சரிக்கை எழுதி ஒட்டுங்கள், அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும்.

படி 5: எண்ணும் பதிவேடும்

முறை எளிது. 2025.3.12 என்றால் 2025-இல் வந்த மூன்றாவது நன்கொடையில் பன்னிரண்டாவது பொருள். ஒரு ஜோடிச் செருப்பு என்றால் கடைசியில் அ, ஆ சேர்க்கலாம். அந்த எண்ணைத் தாளின் பின்புறம் 2பி பென்சிலில் எழுதுங்கள். உடைக்குப் பருத்தி நாடாவில் எழுதி இரண்டு தையல் போட்டுக் கட்டுங்கள். மரத்திலும் உலோகத்திலும் பாராலாய்ட் பி-72 என்ற பிசினை மெல்லிய பட்டையாகப் பூசி, காய்ந்த பிறகு அதன்மேல் மையில் எழுதினால் தேவைப்படும்போது அடையாளம் இல்லாமல் எடுத்துவிடலாம். ஸ்டிக்கர், பேனா, குண்டூசி, செலோடேப் இவற்றைப் பொருளின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

பதிவேட்டில் பொருளின் பெயர், அளவு, நிலை எல்லாம் யாரும் எழுதுவார்கள். நாடக அருங்காட்சியகத்துக்கு அதற்கு மேலும் வேண்டும்: நாடகம், குழு, அரங்கு, தேதி, பாத்திரம், அணிந்தவர், செய்தவர். ஒரே அரசன் உடை நான்கு நாடகங்களில் வந்திருக்கும். ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். அதனால் பொருள்களுக்கு ஒரு அட்டவணை, நிகழ்ச்சிகளுக்கு இன்னொரு அட்டவணை வைத்து இரண்டையும் இணையுங்கள். சாதாரண விரிதாளிலேயே செய்யலாம். ஒரு நிகழ்ச்சியைத் தட்டினால் அதன் நோட்டீஸ், உடை, புகைப்படம், பேட்டி எல்லாம் வரிசையாக வந்து நிற்க வேண்டும். எல்லாவற்றிலும் இதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். கட்டிடமே இல்லாவிட்டாலும் இந்த இணைப்பு இருந்தால் அது அருங்காட்சியகம்தான்.

படி 6: பத்திரமாக வைப்பது

வெப்பம் 16 முதல் 25 டிகிரிக்குள், ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான பொருட்களுக்குப் போதும். ஈரப்பதம் 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். பகலில் குளிரூட்டி ஓடி இரவில் நிற்கும் அறை, ஒரே சீராக வெதுவெதுப்பாக இருக்கும் அறையைவிட மோசம். மர அலமாரி அமில ஆவியை விடும். பூச்சு பூசிய இரும்பு ராக்கை தேவை. கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும்.

உடைகளுக்கு வருவோம். நாடக உடை வீட்டு உடை போன்றது அல்ல. ஒரே இரவு பளபளக்க வேண்டும் என்று பசையாலும் பெயின்ட்டாலும் ஒட்டுத் துணியாலும் செய்தது. 1920, 30-களின் சமிக்கிகளில் சில ஜெலட்டினால் ஆனவை; ஈரம் பட்டால் கரையும், சூடு பட்டால் உருகும். 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பட்டுக்குக் கனம் சேர்க்க உலோக உப்பு ஏற்றினார்கள், அந்தப் பட்டு மடிப்பு மடிப்பாக வெடித்துக் கிழியும். அதனால் துவைக்கவே கூடாது. இஸ்திரியும் கூடாது.

துவைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அக்குளில் இருக்கும் வியர்வைக் கறை, காலரில் படிந்த அரிதாரம், கொக்கிகளை எடுத்துவிட்டு அவசர மாற்றத்துக்காகத் தைத்த அமுக்குப் பொத்தான், இடுப்பைப் பிரித்துத் துணி சேர்த்த தையல், உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்த பெயர்ப் பட்டைகள் எல்லாம் சாட்சிகள். பெயர்ப் பட்டை மூன்று இருந்தால் மூன்று நடிகர்கள் அதை அணிந்திருக்கிறார்கள். முதலாமவர் ஒல்லி, மூன்றாமவர் பருமன் என்பதைப் பிரித்துத் தைத்த இடுப்பு சொல்லும். சுத்தமான உடைக்கு இதைச் சொல்லத் தெரியாது.

மணி கோத்த கனமான உடைகளையும், பின்னல் உடைகளையும் தொங்கவிடாமல் பெட்டியில் படுக்க வையுங்கள். மடிப்புக்குள் அமிலம் இல்லாத மெல்லிய தாளைச் சுருட்டி வையுங்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் மடிப்பின் இடத்தை மாற்றுங்கள். உறுதியான உடைகளுக்கு அகலமான, பஞ்சு வைத்துத் தைத்த ஹேங்கர் போதும்.

படுதாக்களைப் பெரும்பாலும் பசையில் குழைத்த பொடி வண்ணத்தால் வரைந்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் கலைந்துவிடும், மடித்தால் உதிரும். அகலமான குழாயில் வண்ணப்பக்கம் வெளியே இருக்கும்படி, நடுவில் தாள் வைத்துச் சுருட்டுங்கள்.

தாள்களைச் சுத்தமான, உலர்ந்த வெறுங்கையால் தொடலாம். புகைப்படத்துக்கு மட்டும் கையுறை. பழைய திரைப்படச் சுருள் வந்தால் உடனே கவனியுங்கள். 1950-களின் தொடக்கம்வரை புழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணைப்பது கடினம். அதைத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். புளித்த காடி வாசனை வந்தால் அது சிதையத் தொடங்கிய அசிடேட் சுருள், மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.

படி 7: கணினியில் ஏற்றுவது

தாளுக்கு அங்குலத்துக்கு 400 புள்ளிகள், புகைப்படத்துக்கு 600, டிஃப் கோப்பாகச் சேமித்தால் சரி. மூன்று பிரதி, இரண்டு வேறு ஊடகம், ஒன்று வேறு கட்டிடத்தில். காந்த நாடாக்களை முதலில் முடியுங்கள். தாள் காத்திருக்கும்; ஒலிநாடாவின் பசை காத்திருக்காது, அதை ஓட்டும் கருவியும் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கிறது. கோப்பின் பெயர் பொருளின் எண்ணாகவே இருக்கட்டும்.

படி 8: காட்சிக்கூடத்தின் கதை

காலவரிசையில் அடுக்குவது எளிது, ஆனால் ஆண்டு ஆண்டாகக் கண்ணாடிப் பெட்டி வைத்தால் பார்வையாளர் மூன்றாவது அறையில் சோர்ந்துவிடுவார். ஒரு நாடகம் உருவாகும் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். எழுத்து, ஒத்திகை, தையல், சீன், ஒப்பனை, முதல் இரவு, பயணம் என்று ஒவ்வொரு அறையிலும் வேறு வேறு காலத்துப் பொருட்கள். நூறு ஆண்டு இடைவெளி உள்ள இரண்டு மேடைப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இயக்குநர் என்ற ஆள் எப்போது வந்தார் என்பது அந்த ஓரக் குறிப்புகளிலேயே தெரியும்.

கட்டிடமும் பேசலாம். டோக்கியோ வாசெதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகம் 1928-இல் திறந்தது. ஷேக்ஸ்பியர் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்த த்சுபோஉச்சி ஷோயோவின் எழுபதாவது வயதைச் சிறப்பிக்கக் கட்டியது. அதன் முகப்பை எலிசபெத் கால ஃபார்ச்சூன் அரங்கின் மாதிரியில் அமைத்தார்கள். வாசலில் நின்றாலே மேடைக்கு எதிரே நிற்பது போல இருக்கும்.

படி 9: காட்டுவதும் தொட விடுவதும்

துணி, தாள், புகைப்படம் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் மட்டும். வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. எனவே ஒரு உடையை மூன்று, நான்கு மாதம் காட்டிவிட்டு இருட்டில் ஓய்வு கொடுத்து வேறொன்றை வையுங்கள். உடைக்கு ஏற்ப உருவப்பொம்மையைச் செதுக்கிப் பஞ்சு வைக்க வேண்டும். பொம்மைக்காக உடையை இழுக்கக் கூடாது. நடிகரின் நிற்கும் பாணி புகைப்படத்தில் இருந்தால் அதே சாய்வில் நிறுத்துங்கள். உடை சட்டென்று உயிர் பெறும்.

விளக்கப் பலகையில் நாற்பது, ஐம்பது சொல் போதும். 'அரசன் உடை, பட்டு, ஜரிகை, 20-ஆம் நூற்றாண்டு' என்று எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். 'வலது தோளைப் பாருங்கள், மூன்று முறை தைத்த தடம் இருக்கிறது. வாள் சண்டையில் ஒவ்வொரு முறையும் கிழிந்தது' என்று எழுதினால் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். பார்வையாளர் தன் கண்ணால் சரிபார்க்கும் ஏதாவது ஒன்று ஒவ்வொரு பலகையிலும் இருக்கட்டும். செய்தவர் பெயரும் அணிந்தவர் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்கட்டும்.

தொடக் கூடாத பொருட்களுக்கு நடுவே தொட்டு இயக்கும் பொருட்களும் வேண்டும். இதற்கு நாடகக் கலையைவிட வசதியான துறை கிடையாது. இடி வேண்டுமா? மெல்லிய பெரிய தகடு ஒன்றைத் தொங்கவிட்டுக் குலுக்குங்கள். பழைய அரங்குகளில் மரக் கால்வாயில் இரும்புக் குண்டுகளை உருட்டி இடி எழுப்பினார்கள். 1766-இல் திறந்த பிரிஸ்டல் ஓல்டு விக் அரங்கில் அந்தக் கால்வாய் இன்னும் இருக்கிறது. மரச் சட்டங்கள் பொருத்திய உருளைமேல் கித்தான் துணியை இழுத்துக் கட்டிச் சுழற்றினால் காற்று, வேகம் கூட்டினால் புயல். நீளமான பெட்டிக்குள் குறுக்குக் கட்டைகள் அடித்து உலர்ந்த பட்டாணியைப் போட்டுச் சாய்த்தால் மழை. மூன்றையும் தச்சர் ஒருவர் செய்துவிடுவார். பிள்ளைகள் அந்த அறையை விட்டு நகர மாட்டார்கள், பெரியவர்களும்தான்.

பெப்பரின் பேயையும் செய்யலாம். 1862-இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டியது. மேடையில் பெரிய கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடத்தில் நிற்கும் நடிகர்மேல் பலத்த வெளிச்சம் பாய்ச்சினால், அவருடைய பிம்பம் மேடையில் ஊடுருவித் தெரியும் ஆவியாக நிற்கும். மேசை அளவில் செய்ய ஒரு கண்ணாடியை 45 டிகிரியில் நிறுத்தினாலே போதும். விளக்கை மெல்ல ஏற்றி இறக்கும் பிடியைப் பார்வையாளர் கையிலேயே கொடுங்கள்.

இடம் இருந்தால் ஒளிக்கு ஓர் இருட்டறை ஒதுக்குங்கள். ஒரே படுதாவின் நகலை மெழுகுவத்தி அளவு ஒளியிலும், வாயு விளக்கு நிறத்திலும், மின் ஒளியிலும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள். லண்டன் அரங்குகளில் 1817 முதல் வாயு விளக்கு வந்தது. 1881-இல் சவாய் அரங்கம் முழுக்க மின்விளக்கோடு எழுந்தது. மங்கல் ஒளிக்காக அழுத்தமாக வரைந்த சீனும் பூசிய முகமும் மின்வெளிச்சத்தில் முரடாகத் தெரிந்தன. படுதாவின் பாணியும் ஒப்பனையும் ஏன் மாறின என்பதை ஒரு நிமிடத்தில் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம்.

படி 10: திறந்த பிறகும் சேர்ப்பது

திறப்பதற்கு முந்தைய வாரம் ஒரு ஒத்திகை நடத்துங்கள்: குழாய் உடைந்தால் எந்தப் பத்துப் பொருட்களை முதலில் தூக்குவது, அவை எந்த ராக்கையில், யாரிடம் சாவி. பட்டியலைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

அடுத்த வேலை இன்றைய நாடகம். நியூயார்க் பொது நூலகத்தில் பெட்டி கார்வின் 1970-இல் மேடை நாடகங்களை முழுமையாகப் படம் பிடித்துச் சேமிக்கும் காப்பகத்தைத் தொடங்கினார். நடிகர், எழுத்தாளர், இசைக்கலைஞர் சங்கங்களின் சம்மதத்தோடு பதிவு செய்து, நூலகத்துக்குள் மட்டும் பார்க்கக் கொடுக்கிறார்கள். சம்மதம் கிடைத்ததற்கு அந்தக் கட்டுப்பாடுதான் காரணம். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் 1992 முதல் இதுபோலப் பதிவு செய்கிறது. நீங்கள் ஒரு அகலக் கோணக் கேமராவை அரங்கின் பின்வரிசையில் நிறுத்தி வெட்டாமல் எடுத்தாலும் போதும். முகம் நெருக்கத்தில் தெரியாது, ஆனால் மேடை முழுவதும் ஒரே நேரத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது இருக்கும்.

ஒவ்வொரு குழுவிடமும் கடைசி ஆட்டம் முடிந்த வாரத்திலேயே கேளுங்கள்: மேடைப் பிரதி, விளக்குக் குறிப்புக் கோப்பு, ஒலிக் கோப்புகள், நோட்டீஸின் இரண்டு பிரதி, உடை ஓவியங்கள், ஒரே ஒரு உடை, ஒத்திகைப் படங்கள், ஒத்திகை நேரம் மாற்றிய வாட்ஸ்அப் குழுச் செய்திகள். அந்த வாரம் தாண்டினால் உடை வாடகைக் கடைக்கும் சீன் பலகை அடுத்த நாடகத்துக்கும் போய்விடும். செய்திகள் அலைபேசியோடு போய்விடும். கேட்கும்போது பதிவேட்டையும் கூடவே கொண்டுபோங்கள். உடையை மடித்துக் கையில் கொடுப்பவர்தான் அதைத் தைத்தவராகவும் இருப்பார், பெயரை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.